ரத்தத்துல எல்லாம் சரியா இருக்கு

இந்தப் பக்கமே உக்காருங்க தம்பி. அந்தப் பக்கம் எடம் கிடையாது, பெஞ்சு என்னோட முடியுது. பைய மடியில வச்சுக்குங்க. கீழ வச்சா கூட்டுற அம்மா ஈரத் தொடப்பத்தால ஒரு இழுப்பு இழுத்துட்டுப் போயிடும்.

ரிப்போர்ட் வாங்க வந்தீங்களா? அதுக்கு டோக்கன் வேண்டாம், பேரச் சொல்லிக் கூப்புடுவாங்க. யாருக்கு? அப்பாவுக்கா. மேல வார்டுல இருக்காரா. மண்டையில ரத்தக்கசிவுன்னு சொன்னாங்களா, அடைப்புன்னு சொன்னாங்களா? கசிவா. அப்ப நம்ம கேசுதான். பயப்படாதீங்க. எனக்கும் அதேதான். ஒரு வருசம் ஆச்சு. இப்பப் பாருங்க, நடக்குறேன், பேசுறேன், உங்களுக்கு எடம் போட்டுத் தரேன்.

என் பேரு கலியமூர்த்தி. கல்யாண சமையல். மன்னார்குடிப் பக்கம் கலியமூர்த்தி செட்டுன்னு கேட்டா சொல்லுவாங்க. நீங்க எந்த ஊரு? பாபநாசமா. அப்ப எங்கயாவது ஒரு பந்தியில என் சாம்பாரைச் சாப்பிட்டிருப்பீங்க, எனக்குத் தெரியாது, உங்களுக்கும் தெரியாது.

இன்னிக்கு ரத்தம் குடுக்க வந்திருக்கேன். ஆறாவது தடவை. வெறும் வயித்துல வரணும்னு சொல்லிட்டாங்க, ஒரு வாய் காப்பி கூட இல்ல. ஊருக்கெல்லாம் டிபன் போட்டவன் பட்டினியா உக்காந்திருக்கேன் பாருங்க. ரத்தம் எடுத்ததும் பத்தரைக்குப் பெரிய டாக்டர் வருவாரு. அவருகிட்ட ஒரு கையெழுத்து வாங்கணும். இவரு அடுப்பு முன்னாடி நின்னு வேலை பாக்கலாம்னு ஒரே ஒரு வரி. ஞாயித்துக்கிழமை மன்னார்குடியில முகூர்த்தம். அந்த வரி இருந்தா நான் அங்க நிப்பேன். இல்லேன்னா வீட்டுல நாற்காலியில உக்காந்திருப்பேன். அவ்வளவுதான் விசயம்.

என் சம்சாரம் பவுனு காலையில கூடத்தான் வந்தா. பஸ்ஸ விட்டு எறக்கி, இங்க கொண்டாந்து உக்கார வச்சு, டோக்கன வாங்கிக் கையில குடுத்தா. அப்புறம் ஆளைக் காணும். எங்க போனான்னு தெரியல. இப்பல்லாம் அவ அப்படித்தான். இருப்பா, பேசிக்கிட்டே இருப்பா, திடீர்னு இருக்க மாட்டா. போறேன்னு ஒரு வார்த்தை சொல்றதில்ல. அவ மட்டும் இல்ல, என் செட்டுல பாதிப் பேரு அப்படித்தான் போயிட்டாங்க. படுத்தவன்கூட எத்தனை நாளைக்கு இருப்பாங்க. அதச் சொல்றேன் இருங்க.

போன ஆவணியில நீடாமங்கலத்துல ஒரு கல்யாணம். காலை டிபனுக்குப் பொங்கல் வெந்து நிக்குது. தாளிக்கிறதுக்கு நெய் காயுது. மிளகை அள்ளிக்கிட்டுத் திரும்புறேன், மண்டைக்குள்ள கொதிக்கிற எண்ணெய ஊத்துன மாதிரி இருந்துச்சு. அதுக்கப்புறம் எனக்குத் தெரியாது. சாம்பாருக்குப் பெருங்காயம் போடலன்னு சொல்லிட்டுத்தான் விழுந்தீங்கன்னு வைரக்கண்ணு சொல்லுவான். வைரக்கண்ணுங்கிறது பவுனோட தம்பி, என் மச்சான். செட்டுல எனக்கு அடுத்த ஆளு.

பிரசர் எனக்கு எட்டு வருசமா இருந்துச்சு. மாத்திரையும் இருந்துச்சு. ஆனா முகூர்த்த நாள்ல அதப் போட மாட்டேன் தம்பி. போட்டா தலை கிறுகிறுங்கும், கோட்டை அடுப்பு முன்னாடி நிக்க முடியாது. முகூர்த்தம் இல்லாத நாளாப் பாத்துப் போட்டுக்குவேன். அந்த ஆவணியில முகூர்த்தமே பதினோரு நாளு. உங்க அப்பாவும் அப்படித்தானா? அவரு என்ன வேலை? டிரைவரா. ஆங், ராத்திரி வண்டிக்குத் தூக்கம் வரும்னு போட மாட்டாரு. எல்லாரும் ஒரே மாதிரிதான்.

வலது பக்கம் மண்டையில கசிவு. ஆபரேசன் வேண்டாம், தானா வத்தும்னாங்க. இருபத்தி ரெண்டு நாளு படுத்திருந்தேன். அப்பத்தான் இந்த ரத்தச் சமாச்சாரம். டாக்டர் ஷர்மிளான்னு ஒரு பொண்ணு, ஆராய்ச்சி பண்ணுது. பவுனுகிட்ட கையெழுத்து வாங்கிக்கிட்டு மொத நாளே என் கையில ஊசி போட்டு ரத்தம் எடுத்திருக்கு. எனக்கு நெனவு வந்ததும் பக்கத்துல வந்து நிதானமா எடுத்துச் சொல்லுச்சு. ஐயா, மூளைக்குள்ள அடி பட்டா அங்க இருக்கிற ஒரு புரதம் உடைஞ்சு ரத்தத்துல கலந்துரும். எவ்வளவு கலந்திருக்குன்னு பாத்தா எவ்வளவு அடின்னு தெரியும். போகப் போக அது எப்படி எறங்குதுன்னு பாத்துக்கிட்டே வந்தா, யாரு எப்படித் தேறுவாங்கன்னு முன்னாடியே சொல்ல முடியுமான்னு பாக்குறோம், அப்படின்னுச்சு.

எனக்கு அது உடனே புரிஞ்சுபோச்சு. ஐநூறு பேரு சாம்பாரை ஒரு சொட்டு உள்ளங்கையில விட்டு மோந்து பாக்குறோமில்ல, அந்த வேலைதான். ஒரு சொட்டு சொல்லிரும். அண்டா முழுக்கக் குடிச்சுப் பாக்க வேண்டியதில்ல.

அந்தப் பொண்ணு எடுத்ததையெல்லாம் என் நோட்டுல எழுதிக் குடுக்கச் சொன்னேன். மொதல்ல எழுதக் கூடாதுன்னுச்சு, அப்புறம் எழுதிக் குடுத்துச்சு. இந்தாங்க, பாருங்க. மொத நாள் எண்ணூத்திப் பத்து. மூணாம் நாள் அறுநூறு. ஏழாம் நாள் இருநூத்தி நாப்பது. மூணாம் மாசம் முப்பத்தொண்ணு. ஆறாம் மாசம் பதினாறு. பதினாறுன்னா உங்களுக்கும் எனக்கும் வித்தியாசம் கிடையாது தம்பி. உங்க ரத்தத்துல பாத்தாலும் அவ்வளவுதான் இருக்கும். சக்கரை சரி, கொழுப்பு சரி, பிரசர் இப்ப மாத்திரையில கட்டுக்குள்ள இருக்கு. ரத்தத்துல எல்லாம் சரியா இருக்கு. ரத்தத்துக்கு என்மேல பாசமும் கிடையாது, கோவமும் கிடையாது, அது எதுக்குப் பொய் சொல்லப் போகுது?

ஆனா அந்தப் பொண்ணு ஒண்ணு சொன்னா. மறைக்கக் கூடாதில்ல, சொல்லிடுறேன். ஐயா, புதுசா ஒண்ணும் உடையலன்னுதான் இந்த நம்பர் சொல்லுது, உடைஞ்சது ஒட்டிக்கிச்சுன்னு சொல்லல அப்படின்னா. நான் சொன்னேன், பொங்குன பாலு அடங்கிருச்சு, அடுப்பையும் அணைச்சாச்சு, இன்னும் என்னம்மான்னேன். அதுக்கு அந்தப் பொண்ணு பாத்திரத்துல பால் எவ்வளவு மிச்சம்னு பாக்கணுமில்ல ஐயான்னுச்சு. நல்லாத்தான் பேசுது. எந்த ஊருன்னு கேக்கணும்னு நெனச்சேன், மறந்துட்டேன்.

எனக்கு ஒரு சோதனை வச்சாங்க. பேப்பர் முழுக்கக் கோடு கோடாப் போட்டிருக்கும். எல்லாத்தையும் பேனாவால அடிங்கன்னாங்க. அடிச்சுக் குடுத்தேன். பாதிதான் அடிச்சிருக்கீங்கங்கிறாங்க. எங்க பாதி? இருந்ததையெல்லாம் அடிச்சாச்சு. உங்களுக்கு எடது பக்கம் மனசுல பதியலங்கிறாரு பெரிய டாக்டரு. கண்ணு நல்லா இருக்கு, ஆனா மூளை அந்தப் பக்கத்தைக் கணக்குலயே எடுத்துக்கிறதில்ல, அப்படி ஒரு பக்கம் இருக்குங்கிறதே உங்களுக்குத் தோணாது, அதனால தலைய நல்லாத் திருப்பித் திருப்பிப் பாத்துப் பழகுங்கங்கிறாரு. நான் கேட்டேன், தெரியலன்னா தெரியலன்னு எனக்குத் தெரியாதா சார்? கண்ணு மங்குனா மங்குதுன்னு சொல்ல மாட்டேனா? எனக்கு ஒண்ணும் குறையலையே. இந்தா இந்த ஜன்னல் தெரியுது, நீங்க தெரியுறீங்க, அந்தக் கவுண்டர்ல கொட்டாவி விடுற அம்மா தெரியுது. எல்லாம் இருக்கு.

வீட்டுக்கு வந்ததும் பவுனு எனக்குச் சாப்பாட்டைக் குறைச்சுட்டா. தட்டுல ரெண்டு இட்லி இருக்கும். இவ்வளவுதானான்னு கேப்பேன். பேசாம வந்து தட்டைத் திருப்பி வைப்பா. பாத்தா இன்னும் ரெண்டு இருக்கும். எப்ப வச்சா, எங்கேர்ந்து எடுத்தா, தெரியாது. சரி, வச்சாளே, சாப்பிடுவோம். ஆனா ஒரு நாள் வாழை இலையத் திருப்புனா தம்பி. நுனி என் வலது கைப்பக்கம் வர்ற மாதிரி. நான் உயிரோட உக்காந்திருக்கும்போது இலையத் திருப்பிப் போடுறியா, முப்பது வருசம் என் செட்டுல காய் நறுக்குனவதானான்னு கேட்டேன். அவ அழுதா. நான் சாப்பிட்டேன்.

அதையும் சொல்லணும். எனக்கு முன்ன மாதிரி ஒண்ணும் தோண மாட்டேங்குது. மார்கழியில எங்கம்மா போச்சு. தொண்ணூறு வயசு, படுத்த படுக்கையா இருந்துச்சு, போக வேண்டியதுதான், ஆனாலும் அம்மா இல்லையா. எல்லாரும் அழுறாங்க, நான் பதினாறாம் நாளுக்கு எத்தனை படி அரிசி வேணும்னு கேட்டுக்கிட்டு இருந்தேனாம். எனக்கு அழுகை வரல. வராததுல வருத்தமும் வரல. உப்பு இல்லாத சோத்தத் திங்குற மாதிரி, வயிறு நிறையுது, அவ்வளவுதான். டாக்டர்கிட்ட பவுனு இதச் சொன்னா. அதுவும் அந்த அடியாலதாங்கிறாரு. நோட்டுல நம்பரைப் பாருங்க சார், பதினாறுன்னேன்.

சரி, செட்டு விசயத்துக்கு வரேன். வைகாசியில ஒரத்தநாட்டுல ஒரு கல்யாணம். ஒன்பது மாசம் ஆச்சு, எனக்கு ரத்தம் தெளிஞ்சு மூணு மாசம் ஆச்சு. வைரக்கண்ணு வேண்டாம் அத்தான்னான். நான் நோட்டைக் காட்டுனேன். அவன் படிச்சுப் பாத்துட்டுத் தலையச் சொறிஞ்சான். சும்மா நின்னு மேப்பார்வை பாருங்க, போதும்னான். மேப்பார்வை பாக்க நான் என்ன பொண்ணோட தாய்மாமனா? போனதும் வேட்டிய மடிச்சுக் கட்டுனேன்.

மொதப் பந்திக்குப் பாயச வாளிய நானே தூக்குனேன். பாயசத்தை ஊறுகா மேல ஊத்திட்டாருன்னு நாலு பேரு சத்தம் போட்டாங்க. கூட்டையும் உப்பு மேல வச்சுட்டேனாம், இலையில ஒரு பாதி காலியாக் கிடக்கு, இன்னொரு பாதியில எல்லாம் ஒண்ணு மேல ஒண்ணாக் குமிஞ்சு கிடக்குன்னு மாப்பிள்ளையோட சித்தப்பா எந்திரிச்சுட்டாரு. பாயசத்துக்கு எடம் சாப்பிடுறவருக்கு வலப்பக்கம், கீழ் ஓரம். எதிர்ல நின்னு பரிமாறுறவனுக்கு அது எடது கைப்பக்கம். இது எனக்குத் தெரியாதா? நாப்பது வருசமா ஊத்துறேன். இலையோட ஓரத்துலதான் ஊத்துனேன். ஓரம் எனக்குத் தெரிஞ்சுச்சு. வைரக்கண்ணு வந்து வாளிய வாங்கிக்கிட்டான். நான் குடுத்துட்டேன். கோவம் வரல, அதுவே எனக்கு ஆச்சரியமா இருந்துச்சு. பழைய கலியமூர்த்தியா இருந்தா வாளி அவன் தலையில இருக்கும்.

சமையக்கட்டுக்குப் போய் ரெண்டாம் பந்திக்குச் சாதம் வடிக்கிற எடத்துல நின்னேன். ஏதோ கருகுற வாசனை வந்துச்சு. எவன்டா கரண்டித் துணிய அடுப்புல போட்டதுன்னு கத்துனேன். எல்லாரும் என்னையே பாக்குறாங்க. ராஜாங்கம்னு நம்ம பழைய ஆளு, அவன் ஓடி வந்து என் கையத் தூக்கி எடுத்தான். என் எடது கை, முழங்கைக்குக் கீழ, அண்டாவோட விளிம்புல சாஞ்சுக்கிட்டு இருந்திருக்கு. இந்தா, இந்தத் தழும்புதான். எங்க போச்சு அந்தக் கை, இரு. ஆங், இது. வலிச்சுதான்னு கேக்குறீங்களா? வாசனைதான் வந்துச்சு. இதுக்குத்தான் வைரக்கண்ணு டாக்டர் கையெழுத்து கேக்குறான். அடுப்புல வேலை பாத்தா சூடு படத்தான் செய்யும். அவன் கையில இல்லாத தழும்பா?

அன்னிக்கு நடந்ததுல இதெல்லாம்கூடப் பெரிசு இல்ல தம்பி. கடைசிப் பந்திதான்.

எங்க செட்டுல ஒரு பழக்கம் உண்டு. எல்லாரும் சாப்பிட்டு முடிச்சதும் வேலையாளுங்க பந்தி. அடுப்புக்காரன், காய் நறுக்குனவங்க, பாத்திரம் கழுவுனவங்க, எல்லாரும் மண்டபத்துலயே வரிசையா உக்காருவாங்க. கல்யாண வீட்டுக்காரனுக்குப் போட்ட மாதிரியே தலைவாழை இலை. பரிமாறுறது நான் ஒருத்தன் மட்டும். வாளிய வேற ஆளு தொடக் கூடாது. அவங்க வாயத் தொறந்து கேக்கவும் கூடாது. கேட்டு வாங்குற அளவுக்கு விட்டா அது பரிமாறுறவனுக்குக் கேவலம்னு நான்தான் சட்டம் போட்டேன். இலையப் பாத்தே எனக்குத் தெரியும், யாருக்கு ரசம் வேணும், யாரு இன்னும் சாம்பார்லயே நிக்கிறான்னு. பவுனு மட்டும் எப்பவும் கடைசி எலைக்கு உக்காருவா. அவளுக்கு ரெண்டாம் சாதத்துக்கு மோர் போதும், ரசம் வேண்டாம். முப்பது வருசத்துல அவ ஒரு நாளும் கேட்டதில்ல, நானும் ஒரு நாளும் மறந்ததில்ல.

அன்னிக்கு வைரக்கண்ணு சொல்லிப் பாத்தான். இதை யாருக்கும் விட்டுக் குடுக்க மாட்டேன்டான்னு வாளியத் தூக்கிட்டேன். வரிசைக்கு நேரா வந்து நிக்கிறேன். ஆறு பேரு உக்காந்திருக்காங்க. என் செட்டு பதினோரு பேரு. மத்தவங்க எங்கடான்னு கேட்டேன். ராஜாங்கம் தலையக் குனிஞ்சுக்கிட்டான். சரி, புரிஞ்சுபோச்சு. மாஸ்டரு சீக்காளி ஆயிட்டான், இனிமே இவன நம்புனா பொழைக்க முடியாதுன்னு வேற செட்டுக்குக் கெளம்பிட்டாங்க. பவுனும் இல்ல. அவளாவது சாப்பிட்டுட்டுப் போயிருக்கலாம்னு நெனச்சேன். இருந்த ஆறு பேருக்கும் போட்டேன். சாதம், பருப்பு, சாம்பார், ரசம், மோர், ஒண்ணு குறைக்கல. சாப்பிடுங்கப்பான்னேன். சாப்பிட்டாங்க. அப்படி ஒரு அமைதியான பந்திய நான் பாத்ததில்ல, அப்பளம் நொறுங்குற சத்தம் மட்டும்தான். முடிஞ்சதும் இலைய மடிச்சாங்க, எந்திரிச்சாங்க.

மறுநாள் வைரக்கண்ணு வீட்டுக்கு வந்தான். வந்தவன் உக்காரல, நின்னுக்கிட்டே சொன்னான். அத்தான், பதினோரு பேரும் உக்காந்திருந்தோம். நீங்க ஆறு எலைக்குத்தான் போட்டீங்க. உங்களுக்கு எடது பக்கம் அஞ்சு எலை வெறும் எலையாக் கெடந்துச்சு. நானும் அங்கதான் உக்காந்திருந்தேன். கடைசியில அக்கா. வாயத் தொறந்து கேக்கலாம்னு நான் எந்திரிச்சப்ப அக்காதான் கையப் புடிச்சு உக்கார வச்சுச்சு. மத்தவங்க மடிக்கும்போது நாங்களும் வெறும் எலைய மடிச்சுட்டுத்தான் எந்திரிச்சோம். எலை எடுக்குற அம்மா பிரிச்சுப் பாத்துட்டு, என்னய்யா இதுன்னு கேக்குது. இனிமே கையெழுத்து இல்லாம வராதீங்க அத்தான். உங்களுக்காகத்தான் சொல்றேன், அப்படின்னான். சொல்லிட்டு அழுதான் வேற. மீசை வச்ச ஆளு.

இது நம்புற மாதிரியா இருக்கு, சொல்லுங்க. அஞ்சு பேரு, முழு ஆளுங்க, கண்ணு முன்னாடி உக்காந்திருக்கிறது ஒருத்தனுக்குத் தெரியாமப் போகுமா? இட்லி தெரியலங்கிறாங்க, சரி. மனுசங்க எப்படித் தெரியாமப் போவாங்க? அதுலயும் பவுனு? செட்ட அவன் பேருக்கு மாத்திக்கிறதுக்கு ஒரு கதை கட்டுறான்னு நெனச்சேன். இப்பவும் அப்படித்தான் நெனைக்கிறேன்.

ஏன்னா நான் பவுனையே கேட்டேன். ஒரத்தநாட்டுலேர்ந்து திரும்பி வர்ற பஸ்ஸுலயே கேட்டேன். ஏன் சொல்லாமக் கொள்ளாமப் போன, சாப்பிட்டியான்னேன். சாப்பிட்டேங்கன்னா. அவ பொய் சொல்ற ஆளு கிடையாது. சாப்பிட்டேன்னா வேற எங்கயோ சாப்பிட்டிருக்கா. அப்ப பந்தியில உக்காரல. அப்ப வைரக்கண்ணு சொல்றது பொய். சரிதானே?

இப்ப ஞாயித்துக்கிழமைக்கு என்ன பண்ணப் போறேன்னு கேக்குறீங்களா. அதுக்குத்தான் இந்த ரத்தம். இன்னிக்கு எடுக்குறது ஒரு வருச ரத்தம். பதினாறுக்குக் கீழதான் வரும். அத டாக்டர் முன்னாடி வச்சு, இனிமே என்ன சாக்குன்னு கேப்பேன். அவரு எழுதிக் குடுத்தாருன்னா பதினோரு பேருக்கும் நானே போன் பண்ணுவேன். போன அஞ்சு பேரையும் கூப்புடுவேன். வந்து உக்காருங்கப்பா, நான் நல்லாயிட்டேன், என் கையால போடுறேன்னு. எழுதிக் குடுக்கலன்னா என்ன ஆகும்னு யோசிச்சுப் பாத்தேன். சமையக்கட்டு இல்லாம நான் யாருன்னு எனக்குத் தெரியல தம்பி. பயமா இருக்கணும், ஆனா இல்ல. அதுவும் வருமோ என்னவோ, ரத்தம் இன்னும் கொஞ்சம் எறங்குனா.

என்ன தம்பி? எதுக்கு அந்தப் பக்கம் கையக் காட்டுறீங்க? அங்க யாரும் இல்லையே, பெஞ்சு என்னோட முடியுதுன்னு சொன்னேன்ல.

திரும்பணுமா? திரும்பிட்டேன். இன்னுமா? கழுத்து இழுக்குது, இருங்க. இன்னும் கொஞ்சம்.

அட, பவுனு. நீ எப்ப வந்த?

என்ன? காலையிலேர்ந்து இங்கயேவா உக்காந்திருக்க? பேசுனதெல்லாம் கேட்டுக்கிட்டா இருந்த? ஏன், ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா? நீங்க பேசிக்கிட்டு இருந்தீங்கன்னு இருந்துட்டியா. சரி. ஏன் முகமெல்லாம் வெளுத்துக் கெடக்கு, என்ன சாப்பிட்ட? என்கூட நீயும் வெறும் வயிறா? ரத்தம் எனக்குத்தானே எடுக்குறாங்க, உனக்கு எதுக்கு?

பவுனு, ஒண்ணு கேக்குறேன். ஒரத்தநாட்டுல, கடைசிப் பந்தியில, நீ உக்காந்திருந்தியா?

சொல்லு. கையப் புடிச்சுக்கிட்டா என்ன அர்த்தம், வாயத் தொறந்து சொல்லு. இருந்தியா, இல்லையா?

தம்பி, நீங்களே கேளுங்க. நான் கேட்டா பதில் சொல்ல மாட்டேங்குறா. நீங்க வெளி ஆளு, உங்ககிட்டயாவது சொல்லட்டும். கேளுங்க, கேளுங்க.

பாத்தீங்களா. போயிட்டா.

இப்பத்தான் இங்க இருந்தா, நீங்களும் பாத்தீங்கள்ல? ஒரு நிமிசம் உங்க பக்கம் திரும்புறதுக்குள்ள ஆளு இல்ல.

முப்பத்தெட்டுன்னா கூப்புட்டாங்க? என்னோடதுதான். இந்த நோட்டக் கொஞ்சம் குடுங்க, உள்ள எழுதச் சொல்லணும். நீங்க ரிப்போர்ட் வர்ற வரைக்கும் இங்கதானே இருப்பீங்க? அவ திரும்பி வந்தா, நான் ரத்தம் குடுக்க உள்ள போயிருக்கேன்னு சொல்லுங்க. எதிர்ல கேன்டீன் இருக்கு, எனக்காகக் காத்துக்கிட்டு இருக்க வேண்டாம், போய் ஏதாவது சாப்பிடச் சொல்லுங்க. அவளாக் கேட்டு வாங்கிச் சாப்பிட மாட்டா தம்பி, நீங்கதான் கொஞ்சம் எடுத்துச் சொல்லணும்.